‘மாற்றம்’ என்ற ஒரே பொருளுக்கு ஆங்கிலத்தில் ஏன் இத்தனை சொற்கள்? வேர்ச்சொல் படித்தால் பிடிபடுமா?

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறீர்கள். சேஞ்ச், ஆல்டர், கன்வர்ட், டிரான்ஸ்ஃபார்ம், மாடிஃபை, மியூட்டேட், மெட்டமார்ஃபசிஸ் என்று எதைத் திறந்தாலும் அகராதி ‘மாற்று, மாற்றம்’ என்றே சொல்கிறது. லத்தீன், கிரேக்க வேர்களைப் படித்துவிட்டால் இந்த வேறுபாடு விளங்குமா, அதற்காக அந்த மொழிகளைத் தனியாகப் படிக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இதுவரை பார்த்தே இராத ஒரு சொல்லின் பொருளை ஊகிக்க முடியுமா என்பது ஒன்று. தெரிந்த இரண்டு சொற்களில் எந்த இடத்தில் எதைப் போடுவது என்பது மற்றொன்று. முதலாவதற்கு வேர்ச்சொல் நன்றாகவே கைகொடுக்கும். இரண்டாவதற்குப் பாதி தூரம்தான் வரும். சொல் பிறந்தபோது அதற்குள் இருந்த செயலை வேர் காட்டும். இன்று அந்தச் சொல் எங்கே செல்லும் என்பதைப் பழக்கம்தான் தீர்மானிக்கும். ஆங்கிலச் சொற்பிறப்பைப் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். இந்த எல்லைக்கோட்டைத் தெளிவாக வைத்துக்கொண்டு படிப்பவர்களே இதில் பயன் அடைகிறார்கள்.

நம் அலுவலகங்களில் ஏற்கெனவே புழங்கும் குடும்பத்திலிருந்து தொடங்கலாம். லத்தீனில் ‘மூட்டாரே’ என்றால் மாற்று என்று பொருள். ஒன்றைக் கொடுத்து இன்னொன்றைப் பெறு என்ற பொருளும் அதற்கு உண்டு. இந்த இரண்டாவது பொருள்தான் கம்யூட் என்ற சொல்லுக்கு உயிர். மத்திய அரசிலிருந்து ஓய்வு பெறுபவர் மாத ஓய்வூதியத்தில் 40 சதவீதம் வரை விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடான தொகையை மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம். 15 ஆண்டுகள் கழித்து விட்டுக்கொடுத்த பகுதி ஓய்வூதியத்தில் மீண்டும் சேரும். இதற்குப் பென்ஷன் கம்யூட்டேஷன் என்று பெயர். தூக்குத் தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைப்பதும் கம்யூட்தான். அரசமைப்புச் சட்டத்தின் 72ஆவது பிரிவு குடியரசுத் தலைவருக்கும், 161ஆவது பிரிவு ஆளுநருக்கும் அந்த அதிகாரத்தைத் தருகின்றன. முதல் இடத்தில் மாதாமாதம் வரும் பணத்துக்குப் பதில் மொத்தப் பணம், இரண்டாவது இடத்தில் கடுமையான தண்டனைக்குப் பதில் இலேசான தண்டனை. ‘ஒன்றுக்குப் பதில் இன்னொன்று’ என்ற செயல் இரண்டிலும் அப்படியே இருக்கிறது.

அப்படியானால் தினமும் வேலைக்கு ரயிலில் போய்வருபவரை ஏன் கம்யூட்டர் என்கிறார்கள்? அமெரிக்க ரயில் நிறுவனங்கள் 1840களில் தினசரிப் பயணிகளுக்குக் கம்யூட்டேஷன் டிக்கெட் என்று ஒன்றைக் கொடுத்தன. தனித்தனிக் கட்டணங்களுக்குப் பதிலாக மொத்தமாக ஒரு குறைந்த கட்டணம், நம் புறநகர் ரயிலின் சீசன் டிக்கெட் மாதிரி. அந்தச் சீட்டை வைத்திருந்தவர் கம்யூட்டர் ஆனார், அவர் செய்த பயணம் கம்யூட் ஆனது. கட்டணத்தைக் குறித்த சொல் பயணத்தைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. இந்த இடைப்படி தெரியாமல் வேரை மட்டும் வைத்துக்கொண்டு இதை யாராலும் ஊகிக்க முடியாது. கணிதத்தில் பரிமாற்றுப் பண்பு என்று படித்திருப்பீர்கள்: மூன்றை ஐந்தால் பெருக்கினாலும் ஐந்தை மூன்றால் பெருக்கினாலும் விடை ஒன்றே. அதற்கு 1814இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் செர்வுவா இட்ட பெயரும் இந்த வேரிலிருந்து வந்ததுதான். வரிசைமாற்றத்தைக் குறிக்கும் பெர்மியூட்டேஷன், மாற்றவே முடியாததைக் குறிக்கும் இம்மியூட்டபிள், ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கும் உறவைக் குறிக்கும் மியூச்சுவல் எல்லாம் இவற்றின் உடன்பிறப்புகள். பறவை இறகை உதிர்ப்பதைச் சொல்லும் மோல்ட் என்ற சொல்லும் இங்கிருந்தே வந்தது. அதில் உள்ள எல் எழுத்து லத்தீனில் இல்லை, வேறு சொற்களைப் பார்த்து ஆங்கிலத்தில் பின்னால் நுழைந்தது.

மியூட்டேஷன் என்ற சொல் மரபணுவோடு மட்டும் தொடர்புடையது என்று பலர் நினைக்கிறார்கள். வருவாய்த் துறை ஆவணங்களில் அது பட்டா மாறுதலைக் குறிக்கும். நிலத்தில் ஒரு பிடி மண்கூட மாறவில்லை, பதிவேட்டில் பெயர்தான் மாறியிருக்கிறது. உயிரியலுக்கு இந்தச் சொல்லைக் கொண்டுவந்து நிறுத்தியவர் நெதர்லாந்துத் தாவரவியலாளர் ஹியூகோ டி விரீஸ். ஈவனிங் பிரிம்ரோஸ் செடிகளில் திடீரெனத் தோன்றிய புது வகைகளை வைத்து 1901 முதல் வெளியிட்ட தன் கோட்பாட்டுக்கு அவர் இதையே பெயராக்கினார். தேர்வில் மியூட்டேட் என்ற வினை வந்தால் உயிரணு, கிருமி, ஒலி போன்றவை தாமாக மாறுவதையே பெரும்பாலும் குறிக்கும். ஒருவர் திட்டமிட்டுச் செய்யும் மாற்றத்துக்கு அது பொருந்தாது.

அடுத்தது வெர்ட். இதுதான் எல்லாவற்றிலும் வளமான வேர், இதற்குக் கொஞ்சம் அதிக நேரம் கொடுங்கள். லத்தீனில் ‘வெர்ட்டேரே’ என்றால் திருப்பு. முன்னொட்டு எந்தத் திசையில் திருப்புவது என்று சொல்லும். கன்வர்ட் என்றால் முழுவதுமாகத் திருப்பிவிடுவது, இன்வர்ட் தலைகீழாக்குவது, ரிவர்ட் பழைய நிலைக்கே திரும்புவது, டைவர்ட் வேறு பக்கம் திருப்பிவிடுவது. சாலை வேலை நடக்கும் இடத்தில் பலகையில் இருக்கும் டைவர்ஷன் அதுதான். சப்வர்ட் என்றால் கீழேயிருந்து புரட்டிக் கவிழ்ப்பது. அவர்ட் என்றால் வரவிருக்கும் ஆபத்தை அப்பால் திருப்பிவிடுவது, அதாவது தவிர்ப்பது. முன்னொட்டின் கடைசி எழுத்து அடுத்த எழுத்துக்கு ஏற்ப மாறும் அல்லது விழும். ‘இன்’ என்பது மியூட்டபிள் முன்னால் ‘இம்’ ஆனது. ‘கன்’ மியூட் முன்னால் ‘கம்’ ஆனது. ‘டிஸ்’ வெர்ட் முன்னால் எஸ் இழந்தது. ‘அப்’ வெறும் ‘அ’ ஆனது. புணர்ச்சி விதி படித்தவருக்கு இது புதிதாகத் தோன்றாது. ஆனால் இதைக் கவனிக்காவிட்டால் ஒரே முன்னொட்டை நான்கு வேறு முன்னொட்டுகளாக மனப்பாடம் செய்துகொண்டிருப்பீர்கள்.

இந்த வேரை வைத்து ஓர் எழுத்துப்பிழையையும் நிரந்தரமாகத் தீர்த்துக்கொள்ளலாம். கன்வர்ட் என்ற வினைக்குப் பெயர்ச்சொல் கன்வர்ஷன். அதில் ஏன் டி-ஐ-ஓ-என் வராமல் எஸ்-ஐ-ஓ-என் வருகிறது? லத்தீன் வினைக்கு இரண்டு அடிகள் உண்டு: ஒன்று நிகழ்கால அடி, மற்றொன்று முடிந்த செயலைக் குறிக்கும் எச்ச அடி. எச்ச அடி ‘ட்’ ஒலி சேர்த்து உருவாகும். வேரே t அல்லது d ஒலியில் முடிந்தால் இரண்டும் மோதி ஸ் ஆகிவிடும். அதனால் வெர்ட் என்பதன் எச்ச அடி வெர்ஸ். ஆங்கிலம் வினையை முதல் அடியிலிருந்தும், பெயரை இரண்டாவது அடியிலிருந்தும் எடுத்துக்கொண்டது. பர்மிட்–பர்மிஷன், எக்ஸ்டெண்ட்–எக்ஸ்டென்ஷன், டிவைட்–டிவிஷன், டிசைட்–டிசிஷன், இன்வேட்–இன்வேஷன் எல்லாம் இதே கதை. விதிவிலக்குகள் உண்டு: அட்டெண்ட் என்பதற்கு அட்டென்ஷன் டி எழுத்தோடு வரும், ஏனென்றால் அந்த லத்தீன் வினைக்கு எச்ச வடிவங்களே இரண்டு இருந்தன. ஏட் என்று முடியும் மியூட்டேட் போன்றவற்றுக்கு இந்த விதியே பொருந்தாது. அவற்றின் வினையும் பெயரும் எச்ச அடியிலிருந்தே வந்தவை, அதனால் எப்போதும் டி-ஐ-ஓ-என்தான். வெர்ட், வெர்ஸ் இரண்டும் ஒரே வேர் என்று தெரிந்துவிட்டால் வெர்ஷன், வெர்சஸ், ரிவர்ஸ், டைவர்ஸ், அட்வர்ஸ், கான்ட்ரவர்சி எல்லாம் ஒரே பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடும். வரி முடிந்ததும் திரும்பி அடுத்த வரிக்கு வருவதால் செய்யுள் வரிக்கு வெர்ஸ் என்று பெயர்.

இந்த வேருக்கு நம்மிடமும் உறவினர் இருக்கிறார்கள். சமஸ்கிருதத்தின் ‘வ்ருத்’ என்ற வேரும் லத்தீனின் வெர்ட்டும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை. ஒப்பியல் மொழியியலில் இதில் சர்ச்சை கிடையாது. எனவே வங்கியில் சொல்லும் பணப் பரிவர்த்தனை, தாளத்தின் ஒரு சுற்றான ஆவர்த்தனம், சக்கரவர்த்தி ஆகியவற்றில் வரும் ‘வர்த்த’ என்ற பகுதி கன்வர்ட்டில் வரும் வெர்ட்டின் தூரத்துச் சொந்தம். நவீனம் என்பதில் உள்ள ‘நவ’ என்பதற்கும் இன்னவேட், ரெனவேட், நாவல் ஆகியவற்றில் உள்ள லத்தீன் ‘நோவுஸ்’ என்பதற்கும் இதே உறவு. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இது நல்ல பிடிப்பு. ஆனால் கவனமாக இருங்கள்: இவை தமிழ் சமஸ்கிருதத்திலிருந்து எடுத்துக்கொண்ட சொற்கள். ஒலி ஒத்திருக்கிறது என்பதற்காகத் தனித்தமிழ்ச் சொற்களையும் லத்தீனோடு முடிச்சுப் போடத் தொடங்கினால் வழி தவறிவிடும்.

ரிவர்ட் பற்றி ஒரு வார்த்தை. நம் அலுவலக மின்னஞ்சல்களில் ‘பதில் அனுப்புங்கள்’ என்ற பொருளில் ரிவர்ட் என்று எழுதுகிறோம். இந்திய ஆங்கிலத்தில் இது நிலைபெற்றுவிட்ட வழக்கு. பிரிட்டிஷ், அமெரிக்க வாசகருக்கோ அந்தச் சொல் பழைய நிலைக்குத் திரும்புவதையே குறிக்கும். பதவி உயர்வு பெற்றவரை மீண்டும் பழைய பதவிக்கே இறக்குவதை அரசுப் பணி விதிகள் ரிவர்ஷன் என்று சொல்வது வேரோடு முழுக்கப் பொருந்துகிறது. தேர்வில் இந்தப் பொருளையே எழுதுங்கள். அதோடு பேக் என்று சேர்க்காதீர்கள். ‘ரி’ என்பதிலேயே அது அடங்கிவிட்டது.

ஆல்டர் வேறு வழியில் வந்தது. அதன் வேர் ஒரு செயல் இல்லை, ‘இரண்டில் மற்றொன்று’ என்று சுட்டும் சொல். லத்தீன் இதில் துல்லியமானது: இருவரில் மற்றவர் என்றால் ‘அல்டெர்’, பலரில் வேறொருவர் என்றால் ‘அலியுஸ்’. இரண்டும் மாறிமாறி வருவது ஆல்டர்நேட், இரண்டில் ஒன்றைத் தேர்வது ஆல்டர்நேட்டிவ், இருவர் மாற்றி மாற்றிக் கத்துவது ஆல்டர்கேஷன். அலியுஸ் பக்கத்திலிருந்து ஏலியன், ஏலியாஸ், ‘வேறிடத்தில் இருந்தேன்’ என்று வாதாடும் அலிபி. அல்டெர் என்பதன் கடைசியில் உள்ள ‘டெர்’ இரண்டை எதிரெதிரே வைக்கும் பழைய விகுதி. கிரேக்கத்தின் ஹெட்டரோஸ், ஆங்கிலத்தின் அதர், சமஸ்கிருதத்தின் இதர எல்லாவற்றிலும் அதே விகுதி இருக்கிறது. அந்த ‘இதர’ என்பதன் லத்தீன் உறவுதான் ரீஇட்டரேட் என்பதில் வரும் ‘இட்டர்’. ‘மற்றும் ஒருமுறை’ என்பது அதன் பொருள்.

பயன்பாட்டில் ஆல்டர் எங்கே நிற்கிறது என்பதைத் தையல்கடையில் பார்க்கலாம். ஆங்கிலத்தில் சட்டையைச் சேஞ்ச் செய்தால் அதைக் கழற்றிவிட்டு வேறு சட்டை போட்டீர்கள். ஆல்டர் செய்தால் அதே சட்டை. தோளையோ இடுப்பையோ பிடித்துத் தைத்திருக்கிறார்கள். பொருளின் அடையாளம் கெடாமல் ஒரு பகுதி மட்டும் வேறாவது ஆல்டர். மாடிஃபை என்பதும் இதற்கு அருகில்தான் இருக்கிறது. அதன் வேர் ‘மோடுஸ்’, அளவு. ஒரு நோக்கத்துக்காக அளவோடு திருத்துவது. அதனால் திட்டம், இயந்திரம், விதி ஆகியவற்றுக்கு மாடிஃபை இயல்பாக வரும், உடைக்கு வராது. வேரி என்பது ஒரே வகைப் பொருள்கள் ஒன்றுக்கொன்று வேறுபட்டிருப்பதைச் சொல்லும். விலை ஊருக்கு ஊர் வேரி ஆகும். புள்ளியியலில் வேரியன்ஸ் என்ற சொல்லை 1918இல் பிரிட்டிஷ் புள்ளியியலாளர் ஃபிஷர் கொண்டுவந்தபோதும் இந்தச் சிதறல்தான் பொருள்.

கிரேக்கச் சொற்களுக்கு வருவோம். மெட்டமார்ஃபசிஸ் என்பதைத் தனியாகப் படிக்காமல் லத்தீன் சொல்லோடு இணையாக வைத்துப் படியுங்கள். கிரேக்கத்தின் ‘மெட்டா’ லத்தீனின் ‘டிரான்ஸ்’ வேலையைச் செய்கிறது. ‘மார்ஃபே’ என்பது ‘ஃபோர்மா’, அதாவது வடிவம். மெட்டமார்ஃபசிஸ் என்பதும் டிரான்ஸ்ஃபர்மேஷன் என்பதும் உறுப்புக்கு உறுப்பு ஒரே கட்டமைப்பு. மெட்டஃபர் என்றால் எடுத்துச்செல்லுதல். லத்தீனில் அதே கட்டமைப்பு டிரான்ஸ்ஃபர். இன்னும் ஒன்று: டிரான்ஸ்ஃபர், டிரான்ஸ்லேட் இரண்டும் லத்தீனில் ஒரே வினை! எடுத்துச்செல் என்ற பொருளுள்ள ‘ஃபெர்ரே’ என்ற வினையின் எச்ச அடி முற்றிலும் வேறு வேரிலிருந்து வந்த ‘லாட்’. அந்த லாட்தான் டிரான்ஸ்லேட்டில் உள்ள லேட். மெட்டதீசிஸ் என்றால் இடம்மாற்றி வைப்பது. லத்தீன் வடிவம் டிரான்ஸ்பொசிஷன். மொழியியலில் தசை சதையாவதும், பழைய ஆங்கிலத்தில் ‘பிரிட்’ என்றிருந்த பறவை ‘பேர்ட்’ ஆனதும் மெட்டதீசிஸ். மெட்டாஸ்டாசிஸ் என்றால் நிலைபெயர்தல். புற்றுநோய் ஓரிடத்திலிருந்து இன்னோர் உறுப்புக்குப் பரவுவது. மருத்துவம், உயிரியல், புவியியல் கலைச்சொற்கள் கிரேக்கத்தையும், சட்டம், நிர்வாகச் சொற்கள் லத்தீனையும் நாடுவது பொதுப்போக்கு. ஆனால் மியூட்டேஷன் லத்தீனாக இருந்தும் உயிரியலில் அமர்ந்திருப்பதால் இதை விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மெட்டா எப்போதும் மாற்றத்தைக் குறிக்காது. கிரேக்கத்தில் ‘உடன்’, ‘பிறகு’ என்ற பொருள்களும் அதற்கு உண்டு. மெட்டஃபிசிக்ஸ் என்ற பெயரில் உள்ளது ‘பிறகு’: அரிஸ்டாட்டில் நூல்களின் தொகுப்பில் இயற்கை பற்றிய நூல்களுக்குப் பின் வைக்கப்பட்டவை. மெத்தட் என்பதில் உள்ளதும் இந்தப் ‘பின்’தான், ஒரு பாதையைப் பின்பற்றிச் செல்லுதல். மெட்டாவைக் கண்டதும் மாற்றம் என்று எழுதினால் இவற்றில் தவறிவிடுவீர்கள்.

வேரை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு மின்சாரச் சொற்களைவிட நல்ல சான்று இல்லை. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் 11,000 வோல்ட்டில் வரும் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்ற 230 வோல்ட்டுக்கு இறக்குகிறது. உள்ளே போவது மாறுதிசை மின்சாரம், வெளியே வருவதும் மாறுதிசை மின்சாரம். நொடிக்கு 50 சுழற்சி என்பதும் அப்படியே இருக்கிறது. ‘வடிவத்தைக் கடந்து மாற்றுவது’ என்று வேர் சொல்லும் கருவி உண்மையில் மின்சாரத்தின் வகையைத் தொடவே இல்லை. வகையை மாற்றுவது கன்வர்ட்டர். மின்வெட்டில் கைகொடுக்கும் இன்வர்ட்டர் மின்கலத்தின் நேர்மின்சாரத்தை 230 வோல்ட் மாறுதிசை மின்சாரமாக ஆக்குகிறது. மாறுதிசையை நேராக்கும் ரெக்டிஃபயரின் வேலையைத் தலைகீழாகச் செய்வதால் அந்தப் பெயர். மிக்ஸி மோட்டாரில் கார்பன் பிரஷ் உரசும் செம்புப் பட்டைகளால் ஆன உருளைக்குக் கம்யூட்டேட்டர் என்று பெயர். மோட்டார் சுழலச் சுழலச் சுருளில் மின்னோட்டத்தின் திசையை அது மாற்றி மாற்றிக் கொடுக்கிறது. இன்வர்ட்டர், கம்யூட்டேட்டர் இரண்டையும் வேரிலிருந்து ஊகித்துவிடலாம். டிரான்ஸ்ஃபார்மரை முடியாது. பொதுவழக்கில் டிரான்ஸ்ஃபார்ம் என்றால் அடியோடு உருமாறுவது, பொறியியலில் அளவு மாறுவது. இரண்டையும் தனித்தனியாகத்தான் கற்க வேண்டும்.

பொருள் எவ்வளவு தூரம் நகரும் என்பதற்கு ‘வொல்வேரே’, அதாவது உருட்டு, இன்னொரு சாட்சி. பழங்கால நூல் சுருளாக இருந்தது. அதை விரித்துப் படிப்பதே எவல்யூஷன். வால்யூம் என்பதன் முதல் பொருளும் அந்தச் சுருள்தான். அதனால் எவல்யூஷன் என்றால் ஏற்கெனவே உள்ளே எழுதியிருப்பது வெளிப்படுவது. 18ஆம் நூற்றாண்டில் கருவுக்குள் முழு உயிரும் சிறு வடிவில் இருந்து விரிகிறது என்று நம்பியவர்கள் இந்தச் சொல்லை அந்தப் பொருளிலேயே பயன்படுத்தினார்கள். டார்வினின் கருத்து இதற்கு நேர் எதிர். உயிரினங்களின் தோற்றம் பற்றிய அவருடைய நூலின் 1859ஆம் ஆண்டு முதல் பதிப்பில் எவல்யூஷன் என்ற பெயர்ச்சொல் இல்லை; நூலின் கடைசிச் சொல்லாக எவால்வ்ட் என்ற வினை மட்டும் வருகிறது. 1872இல் வந்த ஆறாம் பதிப்பில்தான் பெயர்ச்சொல் நுழைந்தது. ரெவல்யூஷன் இன்னும் விசித்திரம். 1543இல் கோப்பர்நிக்கஸ் தன் நூலின் தலைப்பில் இதைப் பயன்படுத்தியபோது கோள் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வருவது பொருள். இன்று புரட்சி என்றால் பழைய இடத்துக்குத் திரும்பவே முடியாத மாற்றம்.

சேஞ்ச் என்ற சொல்லையே இன்னும் தொடவில்லை. அது பிரெஞ்சு வழியாக வந்தது. அதற்கு முன் பிற்கால லத்தீனில் ‘காம்பியாரே’, பண்டமாற்று செய் என்ற பொருளில். இதுவரை உறுதி. எக்ஸ்சேஞ்ச் அந்தப் பழைய பொருளை அப்படியே வைத்திருக்கிறது. பேருந்தில் நடத்துநர் கேட்கும் சேஞ்சும் அதுதான், பெரிய நோட்டுக்குப் பதில் சில்லறை. அந்த லத்தீன் சொல் கெல்டிக் மொழியிலிருந்து வந்திருக்கலாம், ‘வளைவு’ என்ற வேரோடு தொடர்பு இருக்கலாம் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. இது வலுவான ஊகம், நேரடி ஆவணம் கிடையாது. மார்ஃபே, ஃபோர்மா இரண்டும் எழுத்து இடம்மாறிய ஒரே சொல்லா என்பதும் இப்படித்தான். பொருள் ஒன்று, ஒலியும் ஒத்திருக்கிறது, ஆனால் உறவு நிறுவப்படவில்லை. அகராதியில் வேருக்கு முன்னால் நட்சத்திரக் குறி இருந்தால் அந்த வடிவம் எந்த நூலிலும் கிடைக்கவில்லை, ஒப்பிட்டு மீட்டுருவாக்கியது என்று பொருள். நட்சத்திரம் இல்லாத லத்தீன், கிரேக்கச் சொற்கள் நூல்களில் இருப்பவை. சொற்பிறப்புக் குறிப்பில் ‘பிராபப்ளி’, ‘பெர்ஹாப்ஸ்’ என்பவற்றின் சுருக்கங்கள் வந்தால் அவற்றைத் தாண்டிப் போகாதீர்கள். அகராதி ஆசிரியர் அளந்து வைத்தவை அவை.

எழுத்து ஒன்றாக இருந்து வேர் வேறாக இருப்பவைதான் அதிகம் காலை வாரும். ஊமையைக் குறிக்கும் மியூட், உறுப்பைச் சிதைக்கும் மியூட்டிலேட் இரண்டுக்கும் மூட்டாரேவோடு தொடர்பு இல்லை. பலிபீடமான ஆல்ட்டர் ஓர் எழுத்தில் வேறுபடும் அயலார். கலப்படத்தைக் குறிக்கும் அடல்ட்ரேட் அல்டெர் குடும்பம் என்பதே பொதுவான கருத்து. ஆனால் வளர்ந்தவரைக் குறிக்கும் அடல்ட் ‘வளர்’ என்ற வேறு வேரிலிருந்து வந்தது. நவம்பர் ‘புதிய’ மாதம் இல்லை, ஒன்பதாவது மாதம்; பழைய ரோமானிய ஆண்டு மார்ச்சில் தொடங்கியது. ஃபார்மிக் அமிலத்தில் இருப்பது எறும்பு, ஃபார்மிடபிள் என்பதில் இருப்பது அச்சம், இரண்டிலும் வடிவம் இல்லை. மெட்டல் கிரேக்கத்தில் சுரங்கம். துணைவேந்தரின் பட்டத்தில் உள்ள வைஸ், ‘மாற்றாக’ என்ற பொருளுள்ள லத்தீன் சொல். தீயொழுக்கத்தைக் குறிக்கும் வைஸ் வேறு, பட்டறையில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் இன்னும் வேறு.

தேர்வில் மதிப்பெண் போவது பெரும்பாலும் பொருளில் இல்லை, சொல்லுக்குப் பின்னால் வரும் இடைச்சொல்லில். கன்வர்ட், டிரான்ஸ்ஃபார்ம் இரண்டும் இன்ட்டூ ஏற்கும். அலகு மாற்றத்துக்கும் மதமாற்றத்துக்கும் கன்வர்ட் டூ என்பதே இயல்பு. எக்ஸ்சேஞ்ச் என்றால் ஃபார். ஆல்டர், மாடிஃபை இரண்டையும் இன்ட்டூவோடு எழுதவே வேண்டாம், அவை வேறொன்றாக ஆக்குவதில்லை. ரீப்ளேஸ், சப்ஸ்டிட்யூட் ஜோடி எல்லாரையும் குழப்பும். சர்க்கரைக்குப் பதில் வெல்லம் போட்டால், சர்க்கரையை வெல்லத்தால் ரீப்ளேஸ் செய்கிறீர்கள், பின்னால் வித் வரும். வெல்லத்தைச் சர்க்கரைக்குச் சப்ஸ்டிட்யூட் செய்கிறீர்கள், பின்னால் ஃபார் வரும். முதலாவதில் வெளியே போவது முதலில் நிற்கும், இரண்டாவதில் உள்ளே வருவது முதலில் நிற்கும்.

எப்படிப் படிப்பது என்றால், ஒரு நோட்டில் வேருக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். முதலில் மியூட், வெர்ட்–வெர்ஸ், அல்டெர்–அலியுஸ், ஃபார்ம்–மார்ஃப், வால்வ்–வல்யூட் இந்த ஐந்தும் போதும். பக்கத்தின் மேலே லத்தீன் செயலை ஒரே தமிழ் வினையில் எழுதுங்கள்: திருப்பு, உருட்டு என்பது போல. ‘மாற்று’ என்று எழுதினால் பயனில்லை, எல்லாப் பக்கமும் ஒன்றாகிவிடும். அடுத்து இரண்டு அடிகளையும் எழுதுங்கள். அதன்கீழ் நீங்கள் உண்மையில் படித்த சொற்களை மட்டும், ஒவ்வொன்றையும் ஒரு முழு வாக்கியத்தோடும் பின்வரும் இடைச்சொல்லோடும் எழுதுங்கள். பட்டியலைப் பார்த்து ஐம்பது சொற்களை நிரப்பினால் ஒன்றும் தங்காது. பக்கத்தின் அடியில் அதே எழுத்துள்ள போலி உறவு ஒன்றையாவது எழுதுங்கள். புதுச் சொல் வந்தால் முதலில் முன்னொட்டையும் வேரையும் பிரித்துப் பொருளை ஊகித்து எழுதிவிட்டு, பிறகு அகராதியைப் பாருங்கள். ஊகம் தவறிய சொல்லுக்குத்தான் அதிகக் குறிப்பு வேண்டும், ஏனென்றால் கம்யூட்டரில் பார்த்தது போல அங்கே இடையில் ஒரு படி காணாமல் போயிருக்கும்.

லத்தீனையோ கிரேக்கத்தையோ தனியாகப் படிக்க வேண்டாம். லத்தீன் அகராதியில் ஒரு வினைக்குப் பக்கத்தில் நான்கு வடிவங்கள் தருவார்கள். இரண்டாவதையும் நான்காவதையும் பார்க்கத் தெரிந்தால் போதும், ஆங்கிலத்துக்கு வந்த இரண்டு அடிகளும் பெரும்பாலும் அவற்றில் இருக்கும். கிரேக்கத்தில் வினை வடிவங்களுக்குள் போகாதீர்கள், அது பெரிய காடு. மெட்டா, மார்ஃப், திருப்பம் என்ற பொருளுள்ள ட்ரோப், வேறு என்ற பொருளுள்ள அல்லோ, ஹெட்டரோ என்ற ஐந்து உறுப்புகளோடு தொடங்கினால் 1865இல் ஜெர்மன் இயற்பியலாளர் கிளாசியஸ் உருவாக்கிய என்ட்ரபி என்ற வெப்பவியல் சொல் முதல் 1906இல் ஆஸ்திரிய மருத்துவர் ஃபான் பிர்கே உருவாக்கிய அலர்ஜி வரை பிரித்துப் பார்க்க வரும்.